வீடு வாங்கியவருக்கு, நிலம் குடியரசுத் தலைவருக்கு!
தில்லியின் குத்தகை வீடுகளும் தீராத சட்டச் சிக்கல்களும்

புது தில்லி: தலைநகர் தில்லியில் பழைய வீட்டு மனைகளின் பத்திரங்களைப் புரட்டிப் பார்த்தால், நிலத்தைக் கொடுத்தவர் என்ற இடத்தில் "இந்தியக் குடியரசுத் தலைவர்" என்று எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். விலை கொடுத்து வாங்கியதாக நினைத்துக் கொண்டிருக்கும் குடும்பம், சட்டத்தின் பார்வையில் அரசின் நீண்டகாலக் குத்தகைதாரர் மட்டுமே. கிரயப் பத்திரம் ஒன்று பதிவானால் வீடும் நிலமும் சொந்தம் என்ற வழக்கத்துக்குப் பழகிய தமிழகத்தவருக்கு இது விந்தையாகத் தோன்றும். ஆனால், மத்திய அரசுப் பணிக்காக இங்கு வந்து, ஓய்வுக்குப் பின் வீட்டை விற்று ஊர் திரும்ப விரும்பும் தமிழர்களும் எதிர்கொள்ளும் நடைமுறைச் சிக்கல் இது.

இதன் வேர் 1961-ஆம் ஆண்டுக்குச் செல்கிறது. தில்லியில் நிலத்தை மொத்தமாகக் கையகப்படுத்தி, மேம்படுத்தி, குத்தகை அடிப்படையில் மட்டுமே வழங்குவது என்று மத்திய அரசு அப்போது கொள்கை வகுத்தது. நிலத் தரகர்களின் கொள்ளை லாபத்தைத் தடுப்பதும், எளியவர்களுக்கும் மனை கிடைக்கச் செய்வதும் நோக்கம். 1957-இல் அமைக்கப்பட்ட தில்லி வளர்ச்சி ஆணையத்திடம் (டிடிஏ) இப்பணி ஒப்படைக்கப்பட்டது. குத்தகைதாரர் மனையை விற்க வேண்டுமானால் முன் அனுமதி பெற வேண்டும். நில மதிப்பு உயர்வில் பாதியை அரசுக்குச் செலுத்த வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் பத்திரங்களில் சேர்க்கப்பட்டன.

நோக்கம் நல்லதுதான். விளைவு வேறாக அமைந்தது. அனுமதிக்கு அலைவதையும், உயர்வில் பாதியை இழப்பதையும், முத்திரைத் தீர்வையையும் தவிர்க்க மக்கள் குறுக்கு வழி கண்டனர். விற்பவர் ஒரு விற்பனை ஒப்பந்தம், ஒரு பொது அதிகாரப் பத்திரம், ஓர் உயில் ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுப்பார். வாங்குபவர் பணத்தைக் கொடுத்துவிட்டுக் குடியேறுவார். பல பத்தாண்டுகள் தில்லியின் வீட்டுச் சந்தை இந்த "பவர்" பத்திரங்களின் மீதே நின்றது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு: இந்த வழக்கத்துக்கு 2011 அக்டோபர் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது. சூரஜ் லேம்ப் வழக்கில் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் தலைமையிலான அமர்வு, இத்தகைய மூன்று பத்திரங்களால் சொத்துரிமை மாறாது என்று அறிவித்தது. முழு உரிமைச் சொத்தாக இருந்தால் பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரமும், குத்தகைச் சொத்தாக இருந்தால் பதிவு செய்யப்பட்ட குத்தகை உரிமை மாற்றுப் பத்திரமும்தான் செல்லும். அதே வேளையில், மனைவி, மகன், உடன்பிறந்தோர் போன்றோருக்குச் சொத்தை நிர்வகிக்க அளிக்கப்படும் உண்மையான அதிகாரப் பத்திரங்களை இத்தீர்ப்பு பாதிக்காது. முன்னரே நடந்த பரிமாற்றங்களைக் காட்டி, முறைப்படுத்தும்படி ஆணையத்திடம் விண்ணப்பிக்கவும் வழி விடப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால், பொதுவாக அந்த அதிகாரமும் முடிந்துவிடும். உயிலோ, எழுதியவர் உயிரோடு இருக்கும் வரை எப்போது வேண்டுமானாலும் மாற்றப்படக் கூடியது. வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வீட்டில் குடியிருப்பவர், விற்றவரின் வாரிசுகளுடன் வழக்காட நேரிடுவது இதனால்தான்.

முழு உரிமையாக மாற்ற இயலுமா? இயலும். குத்தகை வீடுகளை முழு உரிமையாக மாற்றும் திட்டத்தை மத்திய அரசு 1992-இல் கொண்டுவந்தது. உரிய கட்டணம் செலுத்தினால் அரசு உரிமை மாற்றுப் பத்திரம் வழங்கும். அதைப் பதிவு செய்தபின் நிலமும் வீட்டுக்காரருக்கே சொந்தம். பவர் பத்திரம் வைத்திருப்போரும் விண்ணப்பிக்கலாம் என்றும், அவர்கள் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூடுதலாகச் செலுத்த வேண்டும் என்றும் அத்திட்டம் கூறியது. முதல் ஒதுக்கீட்டாளர் தொடங்கி இன்று குடியிருப்பவர் வரை பத்திரச் சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும் என்பதே இதில் கடினமான நிபந்தனை. இடையில் ஒரு தாள் காணாமற்போனாலும் கோப்பு நகராது.

முரண்பாடு: 2019 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிச் சட்டம், தில்லியின் 1,731 அங்கீகாரமற்ற காலனிகளில் இதே பவர் பத்திரம், உயில், விற்பனை ஒப்பந்தம் ஆகியவற்றின் அடிப்படையில் குடியிருப்போரின் சொத்துரிமையை அங்கீகரிக்க வகை செய்தது. அனுமதியின்றி உருவான காலனியில் செல்லுபடியாகும் தாள், அரசே ஒதுக்கிய குத்தகை வீட்டில் உரிமை தராது. அச்சட்டத்தை மேற்கோள் காட்டிக் குத்தகை வீட்டை விற்க முயலும் தரகர்களிடம் எச்சரிக்கை தேவை.

நொய்டா நிலவரம்: யமுனையைக் கடந்தால் நிலைமை வேறு. 1976-இல் உத்தரப் பிரதேச அரசு உருவாக்கிய நொய்டாவில் நிலம் 90 ஆண்டுக் குத்தகைக்கே வழங்கப்படுகிறது. 1985-இல் ஒதுக்கிய மனையை இன்று வாங்குபவருக்குக் கிடைப்பது புதிய 90 ஆண்டுகள் அல்ல. 2075 வரை எஞ்சியுள்ள காலம் மட்டுமே. விற்பவர் ஆணையத்திடம் மாற்றக் கட்டணம் செலுத்தி அனுமதி பெற்ற பின்னரே பத்திரப் பதிவு நடைபெறும். ஆண்டுக் குத்தகைத் தொகை நிலுவையின்றிக் கட்டப்பட்டதா, அல்லது மொத்தமாக ஒரே தவணையில் செலுத்தப்பட்டதா என்பதற்கான சான்றையும் வாங்குபவர் கேட்டுப் பெற வேண்டும்.

அடுக்குமாடி வீடுகளில் சிக்கல் இன்னும் ஆழமானது. அங்கு ஆணையம், கட்டுமான நிறுவனம், வாங்குபவர் ஆகிய மூவரும் கையெழுத்திடும் துணைக் குத்தகைப் பத்திரமே உரிமைச் சான்று. நிலத்துக்கான தொகையை நிறுவனம் ஆணையத்துக்குச் செலுத்தாமல் விட்டால், முழுப் பணமும் கொடுத்தவருக்கும் பதிவு நடைபெறாது. அம்ரபாலி வழக்கில் 2019 ஜூலை 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், அந்நிறுவனத்தின் குத்தகைகளை ரத்து செய்ததுடன், ஆணையங்களின் நிலுவைக்காக வீடு வாங்கியோரின் குடியிருப்புகள் மீது கை வைக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. தேங்கிய திட்டங்கள் குறித்து ஆராய 2023-இல் அமிதாப் காந்த் தலைமையில் மத்திய அரசு குழு அமைத்ததும், அதன் பரிந்துரைகளின் அடிப்படையில் அவ்வாண்டு டிசம்பரில் உத்தரப் பிரதேச அரசு சலுகைகளை அறிவித்ததும் குறிப்பிடத்தக்கவை.

2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், குத்தகை உரிமையில் வீடு பெறுவோரையும் ஒதுக்கீட்டாளர் என்றே கொள்கிறது. எனவே, குத்தகை என்ற காரணம் காட்டிக் கட்டுமான நிறுவனங்கள் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது.

ஆக, முன்பணம் கொடுக்கும் முன்பே மூலக் குத்தகைப் பத்திரம், எஞ்சிய ஆண்டுகள், ஆணையத்தின் நிலுவையின்மைச் சான்று, அடமான விவரம், வாரிசுகளின் பெயர் மாற்றம் ஆகிய ஐந்தையும் சரிபார்ப்பது வாங்குபவரின் கடமை. அரசின் கடமையும் ஒன்றுண்டு. நிலத் தரகர்களை ஒடுக்க 1961-இல் வகுத்த கொள்கை, கடைசியில் தரகர்களுக்கே தொழில் கொடுத்தது. முழு உரிமைக்கான கதவை 1992-லேயே திறந்த பிறகும் மக்கள் பவர் பத்திரங்களுடன் அலுவலக வாசலில் நிற்கிறார்கள் என்றால், குறை விண்ணப்பதாரரிடம் மட்டும் இருக்க முடியாது. குடியரசுத் தலைவரின் பெயரால் நிலத்தை வைத்திருக்கும் மத்திய அரசு, நடைமுறையை எளிதாக்குவதற்கு எந்தப் புதிய சட்டமும் தேவையில்லை.