ஆறு ஆண்டு அவகாசம். அறுபது ஆண்டு ரகசியம்: போர் வரலாற்று ஆய்வாளர்களின் திண்டாட்டம்

புதுதில்லி: சுதந்திர இந்தியா நடத்திய போர்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்பும் மாணவருக்கு முதல் தடை நுழைவுத் தேர்வோ, உதவித்தொகையோ அல்ல. படிக்க வேண்டிய கோப்புகளே அவருக்குக் கிடைப்பதில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் வெளியிட்ட விதிகளின்படி, முனைவர் பட்ட ஆய்வைக் குறைந்தது 3 ஆண்டுகளிலும், அதிகபட்சம் 6 ஆண்டுகளிலும் முடிக்க வேண்டும். மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டுகள் கிடைக்கும். ஆனால், 1962-ஆம் ஆண்டு சீனப் போரில் நேர்ந்த தோல்வி குறித்து லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸும், பிரிகேடியர் பி.எஸ். பகத்தும் 1963-ல் அளித்த அறிக்கையை மத்திய அரசு அறுபது ஆண்டுகள் கடந்தும் அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை.

ஆட்சி மாறினும் பதில் மாறவில்லை: அந்த அறிக்கை மிகவும் நுட்பமானது மட்டுமல்ல, இன்றைய ராணுவ நடவடிக்கைகளுக்கும் தொடர்புடையது என்று 2010-ல் நாடாளுமன்றத்தில் கூறினார் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி. பிரிட்டிஷ் பத்திரிகையாளர் நெவில் மாக்ஸ்வெல் 2014 மார்ச்சில் அதன் ஒரு பகுதியை இணையத்தில் வெளியிட்டபோது, பழைய ஆவணங்களைக் காலவரையின்றி மூடிவைப்பது சரியல்ல என்று எதிர்க்கட்சியில் இருந்த அருண் ஜேட்லி எழுதினார். நான்கே மாதங்களில், பாதுகாப்பு அமைச்சராக அவர் மாநிலங்களவையில் அளித்த பதிலில், அறிக்கையை வெளியிடுவது தேச நலனுக்கு உகந்ததல்ல என்று தெரிவிக்கப்பட்டது.

பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவு தயாரித்த 1962 போர் வரலாறு 1992-லேயே எழுதி முடிக்கப்பட்டது. அதுவும் முறைப்படி வெளியிடப்படாமல், பின்னர் இணையத்தில் கசிந்த பிரதியாகவே ஆய்வாளர்களின் கைக்கு வந்தது.

சட்டம் சொல்வது என்ன?: 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம், ஆய்வாளர்களுக்கு ஆவணங்களைப் பார்க்க வழிசெய்கிறது. பொதுவாக 25 ஆண்டுகள் கடந்த ஆவணங்கள் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்பட வேண்டும். ஆனால், ரகசிய முத்திரை இல்லாத ஆவணங்களுக்கே இது பொருந்தும். முத்திரையை நீக்க வேண்டியது, அதைக் குத்திய துறையேதான். தகவல் அறியும் உரிமைச் சட்டமும் 20 ஆண்டுகள் கடந்த தகவல்களுக்குப் பல விலக்குகளைத் தளர்த்துகிறது. ஆனால், நாட்டின் பாதுகாப்பு தொடர்பான விலக்கைத் தளர்த்தவில்லை.

இதன் விளைவை 2022 டிசம்பரில் தேசிய ஆவணக் காப்பகத்தின் அன்றைய தலைமை இயக்குநர் சந்தன் சின்ஹா வெளிப்படையாகவே கூறினார். 1962, 1965, 1971 போர்களின் ஆவணங்கள் காப்பகத்தில் இல்லை என்றார் அவர். சுதந்திரம் பெற்றது முதல் அந்த ஆண்டின் தொடக்கம் வரை பாதுகாப்பு அமைச்சகம் அனுப்பிய கோப்புகள் 476 மட்டுமே. 1960 வரையிலான சுமார் 20,000 கோப்புகள் அந்த ஆண்டில்தான் வந்து சேர்ந்தன என்றும் அவர் தெரிவித்தார்.

லண்டன் செல்லும் ஆய்வு: கோப்பு இருக்கும் இடத்தை நோக்கியே ஆய்வும் நகர்கிறது. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தைப் பற்றிய ஆவணங்கள் தில்லியிலும், லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்திலும், கியூவில் உள்ள அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்திலும் உள்ளன. அங்கு 30 ஆண்டுகளாக இருந்த காத்திருப்புக் காலத்தை 20 ஆண்டுகளாகக் குறைக்கும் நடைமுறை 2013-ல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் போரிட்ட இந்தியப் படைப்பிரிவைப் பற்றி ஆய்வேடு எழுதுவது எளிது. 1965-ல் லாகூர் முனையில் போரிட்ட படைப்பிரிவைப் பற்றி எழுதுவது கடினம்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய போர்களை எடுத்துக்கொள்பவர்கள் நாடாளுமன்ற விவாதங்களையும், தில்லி தீன்மூர்த்தி வளாக நூலகத்தில் உள்ள பி.என். ஹக்சர் போன்றோரின் தனித்தாள்களையும், தளபதிகளின் நினைவுக் குறிப்புகளையும் நம்ப வேண்டியுள்ளது. சீனப் போரில் 4-வது கோர் படையின் தளபதியாக இருந்த பி.எம். கௌல் 1967-ல் தம் தரப்பை எழுதினார். அவரின்கீழ் 7-வது பிரிகேடை நடத்திச் சிறைப்பட்ட ஜான் தால்வி 1969-ல் வேறொரு கதையை எழுதினார். இருவர் கூற்றையும் ஒப்பிட்டு நோக்க உதவக்கூடியவை அன்றாடப் போர்க் குறிப்பேடுகள். அவை ஆய்வாளருக்குக் கிடைக்கவில்லை.

இது பட்டம் பெறுவோரின் பிரச்னை மட்டுமல்ல. ராணுவப் பயிற்சிக் கல்லூரிகளும், எல்லைப் பிரச்னையை விவாதிக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் சரிபார்க்கப்படாத நினைவுகளைக் கொண்டே முந்தைய போர்களை மதிப்பிட நேர்கிறது.

புதிய கொள்கை: கார்கில் போருக்குப் பின் அமைக்கப்பட்ட ஆய்வுக் குழுவின் தலைவர், திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம். போர் வரலாறுகளை எழுதவும், ஆவணங்களின் ரகசியத் தன்மையை நீக்கவும் தெளிவான கொள்கை வேண்டும் என்று அக்குழு வலியுறுத்தியது. இருபது ஆண்டுகளுக்குப் பின், 2021 ஜூனில், பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் அத்தகைய கொள்கைக்கு ஒப்புதல் அளித்தார்.

இதன்படி, முப்படைகளும் கடலோரக் காவல்படையும் அசாம் ரைஃபிள்ஸும் போர்க் குறிப்பேடுகளை வரலாற்றுப் பிரிவிடம் ஒப்படைக்க வேண்டும். போர் முடிந்த 2 ஆண்டுகளுக்குள் குழு அமைத்து, அடுத்த 3 ஆண்டுகளுக்குள் வரலாற்றைத் தொகுக்க வேண்டும். பொதுவாக 25 ஆண்டுகளில் ஆவணங்களின் ரகசியத் தன்மை நீக்கப்பட வேண்டும்.

எனினும், முத்திரையை நீக்கும் பொறுப்பு முன்போலவே அந்தந்த அமைப்புகளிடமே உள்ளது. பழைய போர்களின் ஆவணங்களைத் தனித்தனியே பரிசீலித்து முடிவெடுக்கலாம் என்றே கொள்கை கூறுகிறது. அதற்குக் காலக்கெடு எதுவும் இல்லை. ஆய்வாளருக்குக் கெடு விதிக்கும் அரசு, தன் கோப்புகளுக்கு விதிக்கத் தயங்குகிறது.

கொள்கையின் செயல்பாட்டை அளக்க வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. கார்கில் போர் நடந்தது 1999-ல். அதன் 25 ஆண்டுகள் 2024-லேயே நிறைவடைந்துவிட்டன.