ஏவல் அறிந்த கருவி

தெற்கே சிலாபம், உடப்பு முதல் வடக்கே கற்பிட்டி வரை நீண்டு கிடக்கும் புத்தளம் மாவட்டக் கரையோரத்தில், கடலே பலருக்கு வயலாக விளங்குகின்றது. அவ்வயலுக்குரிய கருவிகளுள் தோணியும் துடுப்பும் வலையும் மிகப் பழையன. அவற்றுள் ஒன்றேனும் தன்னையே பார்த்திருக்குமாறு மீனவனை வற்புறுத்துவதில்லை. வேண்டும்பொழுது கைக்கு வரும். வேலை முடிந்ததும் ஓரத்திற் கிடக்கும். நற்கருவியின் இலக்கணம் இதுவே எனலாம்.

இக்கூட்டத்தில் அண்மையிலே வந்து சேர்ந்தது கையடக்கத் தொலைபேசி. தென்னாசியாவில் முதன்முதலாக 1989இல் அச்சேவை தொடங்கியது நம் இலங்கையிலேதான். அதற்கும் அவ்விலக்கணம் பொருந்துமா?

பொருந்தும் என்பதற்குக் கேரளக் கரையே சான்று. 1997 ஜனவரி 14 அன்று, வடகரையில் 11 படகுகள் கொணர்ந்த சாளை மீன் வாங்குவாரின்றி வீணாயிற்று. அதே காலையில், 15 கிலோமீற்றருக்கு உட்பட்ட பிற சந்தைகளில் 27 வணிகர் மீன் கிடையாது நின்றனர். ஒருவர் செய்தி மற்றவருக்கு எட்டவில்லை, குறை அவ்வளவே. தொலைபேசி வந்தபின் நேர்ந்த மாற்றத்தைப் பொருளியலறிஞர் ரொபர்ட் ஜென்சன் 2007இல் எழுதினார். மீன் வீணாவது ஏறக்குறைய நின்றது. மீனவர் இலாபம் சராசரி 8 வீதம் உயர்ந்தது. வாங்குவோர் கொடுத்த விலையும் 4 வீதம் தாழ்ந்தது. கடலிலிருந்தே கரையை விசாரித்த சில சொற்களின் பயன் இது.

ஆயினும், சொல் எட்டாத இடத்தில் கருவி வெறும் சுமையே. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, கன்னியாகுமரி மீனவர் பலர் கோபுர அலைகள் எட்டாத ஆழ்கடலில் இருந்தனர். எச்சரிக்கை உரிய காலத்தில் அவர்களை அடையவில்லை. பலர் வீடு திரும்பவேயில்லை. செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கையைப் பெற்று மீனவரின் தொலைபேசிக்குத் தரும் 'ஜெமினி' என்னுஞ் சிறு கருவியை இந்தியா 2019இல் அறிமுகப்படுத்தியது.

வாடை, கொண்டல், கச்சான், சோளகம் எனக் காற்றுக்குப் பெயரிட்டு அறிந்தவர்கள் நம் கடலோர மக்கள். அவ்வறிவுக்குத் துணையாக அவர்கள் கேட்பது யாது? நாளைய காற்றின் வேகம், இன்றைய மீனின் விலை, வீட்டார் குரல். இவை அவரவர் மொழியில், உரிய நேரத்தில் வந்தாற் போதும். இன்றைய தொலைபேசியோ இவற்றுடன் ஓயாத மணியையும் முடிவில்லாத படங்களையும் சேர்த்தே தருகின்றது. விடியுமுன் தோணி தள்ள வேண்டியவனின் உறக்கத்தை அது உண்ணுமாயின், ஏவல் செய்பவர் யார், ஏவுபவர் யார்?

கருவி செய்வோர் கடற்கரைக்கு வந்து, துடுப்பினிடம் சற்றுப் பாடங் கேட்கலாம்.