முகமும் அகமும்

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்பது நம் நாட்டுப் பழமொழி. உள்ளத்தின் உவகையும் துயரமும் முகத்தில் தோன்றுவது உண்மையே. ஆயினும், நோயாலோ நெருப்பாலோ போராலோ முகம் சிதைந்தவர் நிலை யாது? அவர்தம் அகமும் சிதைந்துவிட்டது என்று கூறலாமோ? கூறலாகாது. முகத்தைச் செப்பனிடும் மருத்துவக் கலையின் வரலாற்றை அறிந்தால் இவ்வுண்மை இனிது விளங்கும்.

அக்கலையைப் பிளாஸ்டிக் சர்ஜரி என்பர். பெயரைக் கேட்டதும் பிளாஸ்டிக் வாளியும் சீப்பும் நம் நினைவிற்கு வரும். வடிவமைத்தல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று இரு பெயர்களும் பிறந்தன. அவற்றிடையே வேறு தொடர்பு இல்லை. உடலின் ஓரிடத்துத் தோலை எடுத்து மற்றோரிடத்தில் ஒட்டிச் சீர்செய்வதால், தமிழில் இதனை ஒட்டறுவை மருத்துவம் என்று வழங்குவர்.

இக்கலை நம் நாட்டில் மிகப் பழங்காலத்திலேயே வளர்ந்திருந்தது. அறுபட்ட மூக்கைக் கன்னத்துத் தோலைக்கொண்டு மீண்டும் அமைக்கும் முறையைச் சுசுருத சங்கிதை என்னும் வடமொழி மருத்துவ நூல் விளக்குகிறது. அந்நாளில் மூக்கறுத்தல் ஒரு தண்டனையாக இருந்தது. மானம் இழத்தலை 'மூக்கறுபடுதல்' என்று நாம் இன்றும் கூறுகிறோம் அல்லவா? மூக்கை இழந்தவன் ஓர் உறுப்பை மட்டும் இழக்கவில்லை. ஊரார் முன் தலைநிமிர்ந்து நிற்கும் நிலையையே இழந்தான்.

1792ஆம் ஆண்டு நடைபெற்ற மைசூர்ப் போரில், ஆங்கிலேயர் படையில் மாடு ஓட்டும் பணி செய்த கவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானின் படையினரிடம் சிறைப்பட்டார். அவருடைய மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டன. ஏறத்தாழ ஓராண்டு அவர் மூக்கின்றியே வாழ்ந்தார். பின்னர்ப் புனே நகரின் அருகே, செங்கல் செய்யும் மரபைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புதிய மூக்கை அமைத்துத் தந்தார். அவர் முதலில் மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கின் வடிவாக வளைத்தார். அதனை நெற்றியில் விரித்து வைத்து அளவு குறித்தார். அவ்வளவில் தோலை உரித்து, இரு புருவங்களுக்கிடையே உள்ள பகுதியை மட்டும் அறாமல் விட்டு, கீழே திருப்பி ஒட்டினார். அறாத அப்பகுதி வழியே குருதி ஓடியதால் ஒட்டிய தோல் உயிரோடு நிலைத்தது. இச்செய்தி 1794ஆம் ஆண்டு இலண்டன் இதழொன்றில் வெளிவந்தது. அதனால் ஊக்கமுற்ற கார்ப்யூ என்னும் ஆங்கில மருத்துவர், 1814ஆம் ஆண்டு அம்முறையைத் தம் நாட்டிலும் செய்து வெற்றி கண்டார்.

முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர் பல்லாயிரவர். அவர்களுக்கென 1917ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சிட்கப் என்னும் ஊரில் ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. ஹெரால்டு கில்லீஸ் என்னும் மருத்துவர் அங்குப் புதிய முறைகள் பலவற்றைக் கண்டார். ஆயினும், மருத்துவமனைக்கு வெளியே சாலையோரத்தில் சில இருக்கைகளுக்கு நீல வண்ணம் பூசியிருந்தனர். அவற்றில் அமர்ந்திருப்போரின் முகம் காண்போரைத் துணுக்குறச் செய்யலாம் என்பதற்கு அஃது அடையாளம். நாட்டிற்காகப் போரிட்டவர்க்கு நாடு அளித்த இருக்கை அது!

இரண்டாம் உலகப் போரின்போது, கில்லீசின் உறவினரான ஆர்ச்சிபால்டு மெக்கிண்டோ, ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்னும் ஊரில் தீக்காயமுற்ற விமான வீரர்க்கு மருத்துவம் செய்தார். தோலை ஒட்டுவதோடு தம் பணி முடிந்ததென அவர் எண்ணவில்லை. ஊராரிடம் சென்று, "இவ்வீரர்களை உங்கள் இல்லங்களுக்கு அழையுங்கள், வெறித்துப் பாராதீர்கள்" என்னும் கருத்துப்பட வேண்டினார். மக்களும் அவ்வாறே செய்தனர். 'வெறித்துப் பாராத ஊர்' என்னும் புகழ் அவ்வூர்க்கு இன்றளவும் உண்டு. இரண்டு ஊர்களிலும் மருத்துவம் ஒன்றே. மக்களின் பார்வையே வேறு.

இதுவரை கண்டவை இழந்ததை மீட்கும் அறுவைகள். குறையற்ற உடலை அழகின் பொருட்டு அறுக்கலாமா என்பது மற்றொரு வினா. 1896ஆம் ஆண்டு பெர்லின் நகரில் சிறுவன் ஒருவன் பள்ளிக்குச் செல்ல மறுத்தான். அவன் காதுகள் பெரியனவாய்ப் புடைத்திருந்தமையால் உடன் பயின்றோர் எள்ளி நகையாடினர். ஜாக்கஸ் ஜோசப் என்னும் மருத்துவர் அக்காதுகளை அறுவையால் சீர்செய்தார். அறுவை வெற்றி பெற்றது. மருத்துவரோ தம் பதவியை இழந்தார். நோயில்லாத உறுப்பில் கத்தி வைத்தது தவறு என்றனர் சிலர். உள்ளத்தின் துயரும் துயரே என்பது ஜோசப்பின் கொள்கை. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால், ஒன்றை நாம் எண்ணிப்பார்த்தல் வேண்டும். அங்கே நோய் யாரிடம் இருந்தது? எள்ளி நகைத்த நாவில் இருந்தது. கத்தி பட்டதோ நகைக்கப்பட்டவன் காதில்!

அதனால் அழகு கருதிய அறுவை அனைத்தும் வீண் ஆடம்பரம் என்று கொள்ளுதலும் பிழையாகும். வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் அவருடன் பணியாற்றியோரும், தொழுநோயால் மடங்கிய கைகளை அறுவையால் நிமிர்த்தினர். நோய் நீங்கிய பின்னும், புருவ மயிர் உதிர்ந்த முகத்தைக் கண்டோர் அவர்களுக்கு வேலை தர அஞ்சினர். எனவே, தலைத்தோலின் ஒரு பகுதியைக் கொண்டு அவர்களுக்குப் புருவமும் அமைத்தனர். புருவம் இன்றியும் உயிர் வாழலாம். ஆனால் ஊரார் ஒதுக்கினால் வாழ்வது எங்ஙனம்?

இந்நாளில் மூக்கை நேராக்கவும், கண்ணிமையை மடிக்கவும், சுருக்கத்தை நீக்கவும் அறுவை செய்துகொள்வோர் உலகெங்கும் உளர். மயக்க மருந்தாலும், குருதிப் போக்காலும், நச்சுக் கிருமிகளாலும் எந்த அறுவையிலும் இடர் நேரலாம். அவ்விடர்களை ஒளியாது கூறுதல் மருத்துவர் கடமை. வேண்டாத அறுவையை மறுத்தலும் அவர் கடமையே. அறுவையை நாடுவோரும், "இதனை நான் விரும்புகிறேனா, பிறர் வாய்க்கு அஞ்சுகிறேனா?" என்று தம்மையே வினவுதல் நன்று. ஒரே மூக்கும் ஒரே நிறமுமே அழகு என்று ஒரு சமுதாயம் விதித்துவிடின், அவ்விதிக்கு அடங்காத முகங்கள் யாவும் குறையுடையனவாகத் தோன்றும். அக்குறை முகத்தில் இல்லை. விதித்தவர் கண்ணில் உள்ளது.

மாணவர்களே, முகத்தைச் செப்பனிடும் கலை மருத்துவர் சிலர்க்கே கைவரும். பார்வையைச் செப்பனிடும் கலையோ நம் அனைவர்க்கும் எளிது. நம் வகுப்பில் ஒருவன் தன் முகத்தை எண்ணி நாணாமல் அமர்ந்திருப்பானாயின், வெறித்துப் பாராத ஊரின் பெருமை நம் வகுப்பிற்கும் உரியதாகும்.