வினைல் பிளாஸ்டிக்: எங்கே கவனம் தேவை, எங்கே பயம் வேண்டாம்



சென்ற மாதம் ஒரு சகோதரி நம் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தார். அவருடைய தாயாருக்கு ரத்தம் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் பார்த்து, ரத்தப் பையின் பிளாஸ்டிக்கில் விஷம் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்திருக்கிறது. "பாய், கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா?" என்று கேட்டார். டாக்டர் சொன்னபடி உடனே ஏற்றச் சொன்னோம். அல்ஹம்துலில்லாஹ், தாயார் நலமாக இருக்கிறார். ஆனால் அந்தச் செய்தி முழுப் பொய்யும் அல்ல. அதனால்தான் இந்த விளக்கம்.

வினைல் என்னும் பி.வி.சி. இயல்பில் கெட்டியானது. வீட்டுத் தண்ணீர்க் குழாய் அதில் செய்ததுதான். அதையே வளைகிற ஷீட்டாக, ட்யூபாக, பொம்மையாக ஆக்க, எண்ணெய் போன்ற ஒரு திரவத்தைச் சேர்க்கிறார்கள். அதில் அதிகம் புழங்குவது தாலேட் வகை. மென்மையான வினைலின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இதுவாக இருக்கலாம். இது பிளாஸ்டிக்கோடு இரசாயனமாகப் பிணைவதில்லை. மாவில் பிசைந்த எண்ணெய் போல உள்ளே தங்கியிருக்கும். சூடோ எண்ணெயோ பட்டால், குழந்தை வாயில் வைத்துச் சப்பினால், கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்.

தாலேட்டுகளில் டி.இ.எச்.பி. என்பது ஆண் எலிக்குட்டிகளின் இனப்பெருக்க உறுப்புகளின் வளர்ச்சியைக் கெடுக்கிறது என்று சோதனைகளில் தெரிந்தது. எனவே பொம்மைகளில் அது 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2005-இலும் அமெரிக்கா 2008-இலும் சட்டம் செய்தன. நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம்.

அப்படியானால் ரத்தப் பையில் ஏன் அதே டி.இ.எச்.பி.? அது சிவப்பணுக்களின் மேல்சவ்வில் சேர்ந்து, அவை உடைவதைக் குறைக்கிறது. உரிய கரைசல் சேர்த்துக் குளிரில் வைத்தால் சிவப்பணுக்களை 42 நாள் வரை பாதுகாக்க முடிகிறது. கண்ணாடிப் பாட்டில் போல உடையும் பயமும் இல்லை. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2002-இல் இதை ஆராய்ந்தபோது, ஆண் சிசுக்கள், ஆண் குழந்தையைச் சுமக்கும் கர்ப்பிணிகள் போன்றோருக்கு முடிந்தால் மாற்றுச் சாதனங்களைப் பயன்படுத்தச் சொன்னது. ஆனால் தேவையான சிகிச்சையைத் தவிர்ப்பதே பெரிய ஆபத்து என்பதையும் தெளிவாகச் சொன்னது.

நம் வீடுகளில் செய்யக் கூடியவை:

1. பெருநாளைக்கு ரங்கநாதன் தெருவிலோ பாண்டி பஜாரிலோ பொம்மை வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். கடிக்கும் வயதுக் குழந்தைக்கு முத்திரை இல்லாத, கடும் வாடை வீசும் மெத்தென்ற பொம்மை வேண்டாம்.

2. வினைல் சுப்ராவின் மேல் சஹனையோ தட்டையோ வையுங்கள். சூடான ரொட்டியையும் பொரித்த கறியையும் நேரடியாக வைக்க வேண்டாம்.

3. தண்ணீர் பாட்டிலில் உள்ள பெட் வேறு பிளாஸ்டிக். அதன் முழுப் பெயரில் 'தாலேட்' என்ற சொல் வந்தாலும், மென்மையாக்க இந்தத் திரவம் அதில் சேர்ப்பதில்லை. அந்தப் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

4. பச்சிளம் குழந்தைக்கு ட்யூப் வழியாக நீண்ட சிகிச்சை நடந்தால், டி.இ.எச்.பி. இல்லாத ட்யூப் கிடைக்குமா என்று டாக்டரிடம் கேட்கலாம். கிடைக்கவில்லை என்று சிகிச்சையை நிறுத்தாதீர்கள்.

பொம்மையை மாற்றிக்கொள்ளலாம், வேண்டிய நேரத்தில் ஏற்றாத ரத்தத்துக்கு மாற்று இல்லை. இதுபோன்ற குரல் பதிவு வந்தால் அடுத்தவருக்கு அனுப்புமுன் டாக்டரிடம் கேளுங்கள். கேட்கத் தயக்கமாக இருந்தால் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், நாங்களே உடன் வந்து கேட்கிறோம்.

வஸ்ஸலாம்.

செயலாளர்