புதுக் கார் விமர்சனங்களை எவ்வளவு நம்பலாம்?



செபராங் ஜெயாவில் இருப்பவர்களுக்குக் கார் இல்லாமல் நாள் ஓடாது. பாலத்தைக் கடந்து தீவுக்கு வேலைக்குப் போக வேண்டும், பிள்ளைகளை டியூஷனில் விட வேண்டும். படிப்பை முடித்து வேலைக்குச் சேரும் இளையோர் பலருக்கு முதல் பெரிய கடனே காடிக் கடன்தான். அதனால் வாங்கும் முன் எல்லாரும் கைப்பேசியில் நாலு ரிவியூ பார்க்கிறோம். அந்த ரிவியூக்களை எப்படி எடைபோடுவது? கருத்து விளக்கக் கட்டுரைக்கும் இது நல்ல தலைப்பு.

முதலில் இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். விமர்சகர் நேர்மையாகப் பேசுகிறாரா? அவர் சொல்வது நமக்குப் பயன்படுமா? இவை ஒன்றல்ல.

நேர்மையைப் பார்ப்போம். பெரும்பாலும் கார் நிறுவனமே ஒரு காரைச் சில நாள் இரவல் கொடுக்கிறது. நன்றாகச் சரிபார்த்த கார் அது. பல நேரங்களில் விலை கூடிய ரகமாகவும் இருக்கும். வெளியூரில் சோதனை ஓட்டம் என்றால் தங்கும் செலவையும் நிறுவனமே ஏற்பதுண்டு. உடனே ‘எல்லாம் காசு வாங்கிட்டுப் பேசுறாங்க’ என்று முடிவுகட்ட வேண்டாம். ஆனால், காரமாகக் குறை சொன்னால் அடுத்த கார் கிடைக்காதோ என்ற தயக்கம் வரலாம். அதற்குப் பொய் சொல்லத் தேவையில்லை. ஒரு குறையைச் சொல்லாமல் விட்டாலே போதும். அமெரிக்காவில் 1936இல் தொடங்கிய ‘கன்சியூமர் ரிப்போர்ட்ஸ்’ அமைப்பு இதைத் தவிர்க்கவே, தான் சோதிக்கும் கார்களை மற்ற வாடிக்கையாளரைப் போலக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறது.

இனி பயன். நேர்மையான விமர்சகருக்கும் எட்டாத விஷயங்கள் உண்டு. 2023 ஏப்ரலில் ஜப்பானின் டைஹாட்சு நிறுவனம், பக்கவாட்டு மோதல் சோதனைக்கு அனுப்பிய கார்களின் கதவு உட்புறத்தில் முறைகேடான மாற்றம் செய்ததை ஒப்புக்கொண்டது. ஏறக்குறைய 88,000 கார்கள் அதில் அடங்கின; நம் நாட்டின் பெரோடுவா ஆக்சியாவும் பட்டியலில் இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் விசாரணைக் குழு மேலும் 174 முறைகேடுகளைக் கண்டது. கார்களைத் தொடர்ந்து ஓட்டலாம் என்றே பெரோடுவா அறிவித்தது. இந்த விவகாரம் வெளியே வந்தது உள்ளிருந்து ஒருவர் தகவல் கொடுத்ததால்தான். காரை ஓட்டிப் பார்த்து எந்த விமர்சகரும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

வோக்ஸ்வேகனின் ஜெட்டா டீசல் கார் ‘2009ஆம் ஆண்டின் பசுமைக் கார்’ என்று ஓர் அமெரிக்க இதழின் விருதைப் பெற்றது. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வோக்ஸ்வேகனின் டீசல் கார்களைச் சாலையில் ஓட்டிப் புகையை அளந்த பிறகு, சோதனைக்கூடத்தில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருள் 2015இல் அம்பலமானது. விருதும் திரும்பப் பெறப்பட்டது. விருது கொடுத்தவர்கள் ஏமாற்றவில்லை, அவர்களும் ஏமாந்தார்கள்.

இன்னொன்று காலம். மலேசியாவில் காடிக் கடன் அதிகபட்சம் 9 ஆண்டு, அதாவது 108 தவணை. விமர்சகர் மூன்று நாளில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். நான்காம் ஆண்டில் கியர்பெட்டி எப்படி இருக்கும், குளிர்சாதனம் எப்போது தகராறு செய்யும் என்பதெல்லாம் நம் பாடு.

அப்படியென்றால் ரிவியூவே வேண்டாமா? வேண்டும். இருக்கையின் வசதி, பின்னால் மூன்று பேர் உட்கார முடியுமா, சாமான் இடம், இரைச்சல், கண்ணாடியில் தெரியும் காட்சி ஆகியவற்றை அது நன்றாகவே சொல்லும். மற்றவற்றுக்கு வேறு வழிகள் உண்டு:

1. பாதுகாப்புக்கு ஆசியான் என்கேப் மதிப்பீட்டைப் பாருங்கள். மலேசியச் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகமான மிரோஸ் இதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. எந்த ஆண்டு விதிப்படி கிடைத்த நட்சத்திரம் என்பதையும் கவனியுங்கள். விதிகள் இறுகிக்கொண்டே வருகின்றன. 2021 முதல் மோட்டார் சைக்கிளோட்டிகளின் பாதுகாப்புக்கும் தனிப் புள்ளி உண்டு.
2. அதே காரை மூன்று, நான்கு ஆண்டு ஓட்டியவரிடமும் பட்டறைக்காரரிடமும் கேளுங்கள்.
3. நீங்கள் தினமும் போகும் சாலையில், போகும் நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். காலை நெரிசலில் குடிக்கும் எண்ணெய்தான் உங்கள் கணக்கு. விளம்பரத்தில் உள்ள எண் அல்ல.
4. விமர்சகர் ஓட்டிய ரகமும் நீங்கள் வாங்கப்போகும் ரகமும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

ஆசிரியர்கள் இதை வகுப்பிலும் செய்யலாம். ஒரு விமர்சனத்தைக் கொடுத்து, அளந்து சரிபார்க்கக்கூடிய செய்தி, சொந்தக் கருத்து, சொல்லாமல் விட்டது என மூன்று பத்தியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ‘சாமான் இடம் 260 லிட்டர்’ என்பது முதல் பத்தி. ‘இந்த விலைக்குப் பரவாயில்லை’ என்பது இரண்டாம் பத்தி. மூன்றாவதை நிரப்பத்தான் மாணவர் யோசிக்க வேண்டும். உயர்நிலைச் சிந்தனைக்கான பயிற்சி அதுவே. தேர்வில் இத்தலைப்பு வந்தால் ‘விமர்சனம் நல்லதா, கெட்டதா’ என்று எழுதாமல், ‘எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது’ என்று பிரித்து எழுதுங்கள். கருத்துகள் தாமாகவே வரிசைப்படும்.