மாயத்துக்கும் ஒரு நியதி

மாயாஜாலக் கதைகளும் சித்திரங்களால் சொல்லப்படும் நாவல்களும் சிறுவர்களுக்கே உரியவை, வயது வந்தவர்கள் சற்றுப் பொழுதைப் போக்குவதற்கு மேல் அவற்றில் சாரம் ஒன்றுமில்லை என்ற அபிப்பிராயம் நம்மில் கற்றவர்களிடையே இன்னும் வலுவாகவே நிலைத்திருக்கிறது. விக்கிரமாதித்தன் கதையையும் மதனகாமராஜன் கதையையும் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த நமக்குக் கூடுவிட்டுக் கூடு பாய்வதும் பதுமைகள் வாய் திறந்து பேசுவதும் புதுமையல்ல; எனினும் அவற்றின் இனத்தைச் சேர்ந்த ஒரு நூலை இலக்கியமென்று ஒப்புக்கொள்ள வேண்டிய சமயம் வரும்போது நம் மனம் ஏனோ தயங்கிவிடுகிறது. அண்மைக் காலத்தில் இவ்விரு வகையிலும் நான் வாசித்தவற்றுள் சில நூல்கள், அந்தத் தயக்கத்துக்கு நியாயமே இல்லை என்று என்னை உறுதிகொள்ளச் செய்தன. அவற்றைப் பற்றி எனக்குத் தோன்றியவற்றை, விருப்பையும் வெறுப்பையும் மறைக்காமல், இங்கே எழுதுகிறேன்.

மாயக் கதையில் எதுவும் நிகழலாம் என்பது பொதுவான எண்ணம். ஆனால், எதுவும் நிகழக்கூடிய ஒரு கதையில் எது நிகழ்ந்தாலும் வாசகனுக்கு அக்கறை பிறப்பதில்லை. நாயகன் சிறைப்பட்டால் சுவர் தானே விலகும், மாண்டால் மறுபடி உயிர்த்தெழுவான் என்று தெரிந்த பிறகு பயத்துக்கும் பரிவுக்கும் அங்கே இடமேது? ஆசிரியன் தான் சிருஷ்டித்த லோகத்துக்குத் தானே ஒரு நியதியை வகுத்து, தனக்கு மிகவும் பிரியமான பாத்திரத்தையும் அந்த நியதிக்கு உட்படுத்தி, ஒவ்வோர் அற்புதத்துக்கும் ஒரு விலையைக் கறாராக வாங்கும்போதுதான் மாயக் கதை மெய்யான கதையாகிறது.

இந்தத் தர்மத்தை அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினைவிடத் தெளிவாக உணர்ந்தவரை நான் வாசித்ததில்லை. 1968-இல் வெளிவந்த அவருடைய 'ஏ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ' என்ற நாவல், எண்ணற்ற தீவுகள் சிதறிக் கிடக்கும் ஒரு கடல் உலகத்தில் நிகழ்கிறது. அங்கே கல்லுக்கும் பருந்துக்கும் மனிதனுக்கும் ஆதி மொழியில் ஒரு மெய்ப்பெயர் உண்டு. அதை அறிந்தவனுக்கு அந்தப் பொருள் வசப்படும். ஆனால் உலகம் ஒரு சமநிலையில் நிற்பதால், ஓரிடத்தில் மந்திரத்தால் மழையைப் பெய்வித்தால் வேறோரிடத்தில் வறட்சி நேரக்கூடும் என்றும், ஆகவே தேவை நேர்ந்தாலன்றி மந்திரத்தைப் பிரயோகிக்காமல் இருப்பதே ஞானம் என்றும் மாணாக்கர்களுக்கு முதலிலேயே போதிக்கப்படுகிறது. கான்ட் என்ற மலைத்தீவில் ஆடு மேய்த்துத் திரிந்த கெட் என்னும் சிறுவன், ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் சேர்ந்து, சக மாணவன் ஒருவனிடம் கொண்ட பொறாமையாலும் தன் ஆற்றலைப் பற்றிய கர்வத்தாலும் இறந்தவளின் ஆவியை அழைக்கத் துணிகிறான். அப்போது உலகின் திரை கிழிந்து, இனந்தெரியாத ஒரு நிழல் உள்ளே புகுந்துவிடுகிறது. அந்தக் கிழிசலை மூடுவதற்காகப் பள்ளியின் தலைமை மந்திரவாதி தம் உயிரையே செலவிட நேர்கிறது. அதற்குப் பின் கதை முழுவதும் அந்த நிழலுக்கு அஞ்சி ஓடுவதும், பிறகு திரும்பி நின்று அதைத் துரத்துவதும்தான். சேனைகள் இல்லை, அரியணைப் போட்டி இல்லை. ஒருவன் தன் பிழையைத் தேடித் தானே படகேறிக் கடலின் எல்லை வரை செல்கிறான், அவ்வளவே.

லெ குவினின் தந்தை ஆல்ஃபிரட் க்ரோபர் புகழ்பெற்ற மானிடவியலறிஞர்; தாவோ தத்துவத்தில் லெ குவினுக்கே ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது. இவ்விரண்டின் சாயலும் நாவலில் தென்படுகின்றன. கெட் செம்பழுப்பு நிறத்தவன், அவனுடைய உற்ற நண்பன் வெட்ச் கறுப்பு நிறத்தவன், வெண்ணிறத்தவர்களோ கீழ்த்திசையிலிருந்து கொள்ளையிட வரும் கார்க் இனத்தார் என்று அவர் திட்டமிட்டே எழுதியிருந்தும், பல பதிப்புகளின் அட்டைகளில் கெட் வெள்ளையனாகவே தீட்டப்பட்டான். 2004-இல் வந்த தொலைக்காட்சித் தொடரிலும் அப்படியே நேர்ந்தபோது, ஆசிரியை பகிரங்கமாகவே தம் ஆட்சேபத்தைத் தெரிவித்தார். மாயக் கதையின் நாயகர்கள் எல்லாரும் பொன்முடியும் நீலவிழியும் உடையவர்களாகவே பிறந்து வந்த காலத்தில் செய்யப்பட்ட இந்தத் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

இந்த வரிசையில் நான்காவதான 'தெஹானு', மூன்றாவது நாவலுக்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து 1990-இல் வெளிவந்தது. மந்திர சக்தியை முற்றும் இழந்து வெறும் மனிதனாகத் திரும்பி வரும் கெட், பண்ணை வீட்டில் வாழும் விதவையான டெனார், தீயில் எரிக்கப்பட்டு முகமும் கையும் சிதைந்துபோன ஒரு சிறுமி ஆகிய மூவரையே ஆதாரமாகக் கொண்ட இந்நூலில் வீரசாகசத்தை எதிர்பார்த்துச் சென்ற வாசகர்கள் பலர் ஏமாற்றமடைந்ததாகச் சொல்வார்கள். என் தீர்ப்பு அதற்கு நேர்மாறானது. சக்தி போன பின் ஒரு மனிதனிடம் எஞ்சுவது என்ன என்று கேட்கத் துணிந்த மாயக் கதை இது ஒன்றே என்றுகூடச் சொல்வேன். வரிசையின் சிகரமும் இதுவே.

ஆங்கில எழுத்தாளர் சுசானா க்ளார்க்கின் 'பிரனேசி' 2020-இல் வெளியாகி, மறு ஆண்டில் பெண் எழுத்தாளர்களுக்கான விமன்ஸ் பரிசைப் பெற்றது. முடிவற்ற மண்டபங்களும், அவற்றில் வரிசை வரிசையாகச் சிலைகளும், கீழ்த்தளத்தில் ஏறி இறங்கும் கடல் ஓதமும் கொண்ட ஒரு பெரு மாளிகையே பிரபஞ்சம் என்று நம்பி, அதன் கருணைக்கு நன்றி சொல்லிக்கொண்டு தனியே வாழும் ஒருவனின் நாட்குறிப்பாக அது அமைந்திருக்கிறது. முதற்பாதியின் அமைதிக்கு ஈடு சொல்லத் தெரியவில்லை. மர்மம் அவிழத் தொடங்கிய பின் கதை துப்பறியும் நாவலின் நடைக்குச் சற்று இறங்கிவிடுவதுதான் எனக்குக் குறையாகப் பட்டது.

இனிச் சித்திர நாவல்கள். இவற்றை வாசித்துப் பழகாதவர்களுக்கு ஒரு வார்த்தை: சித்திரக் கதையின் உயிர் கட்டங்களுக்குள்ளே மட்டும் இல்லை, ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் விடப்பட்டிருக்கும் வெற்றிடத்திலும் இருக்கிறது. ஓங்கிய கை ஒரு கட்டத்தில், மூடிய கதவு மறு கட்டத்தில் என்றால், நடுவே நிகழ்ந்ததை வாசகனே தன் மனத்தில் நிகழ்த்திக்கொள்ள வேண்டும். ஸ்காட் மக்ளவுட் என்ற சித்திரக்காரர் 1993-இல் எழுதிய நூலொன்றில் இதை விரிவாக விளக்கியிருக்கிறார். ஆகவே நல்ல சித்திரக்காரனுக்கு எதை வரைவது என்பதைவிட எதை வரையாமல் விடுவது என்பதே பெரிய பரீட்சையாகிறது. ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் 1986, 1987 ஆண்டுகளில் படைத்த 'வாட்ச்மென்' நூலின் கட்ட அமைப்பு அபாரமானதே. எனினும் அதன் மனிதர்கள் எவரிடமும் எனக்குப் பரிவு பிறக்கவில்லை.

பரிவு பிறந்தது ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மௌஸ்' நூலில். ஆஷ்விட்ஸ் கொலைமுகாமிலிருந்து உயிர் தப்பிய தம் தந்தை விளாடெக் என்ற போலந்து யூதரின் வாழ்க்கையை, யூதர்களை எலிகளாகவும் ஜெர்மானியரைப் பூனைகளாகவும் வரைந்து ஸ்பீகல்மன் சொன்னார். இரண்டு பாகங்களும் 1986-லும் 1991-லும் நூலாயின. 1992-இல் அதற்குச் சிறப்புப் புலிட்சர் பரிசு அளிக்கப்பட்டது. இத்தனை பெரிய கொடுமையைப் பிராணிகளின் உருவத்தில் சொல்வது தகுமா என்று கேட்டவர்கள் உண்டு. என் மனத்துக்கு அதுவே இந்நூலின் நியதியாகவும் மானமாகவும் படுகிறது. இரண்டு புள்ளிகளும் சில கோடுகளுமான எலி முகத்தில் கண்ணீரை மிகைப்படுத்த இடமில்லை. கோரத்தைக் காட்சிப்பொருளாக்கவும் இடமில்லை. அச்சில் வரும் அதே சிறிய அளவிலேயே ஒவ்வொரு பக்கத்தையும் வரைந்ததனால், ஒருவர் ரகசியமாக எழுதி வைத்த குறிப்பேட்டைப் படிப்பது போன்ற நெருக்கமும் அதற்கு வாய்த்திருக்கிறது.

அதைவிடப் பெரிய நேர்மை தந்தையின் பாத்திரத்தில் இருக்கிறது. விளாடெக் மகாத்மாவல்ல, காசுக்குக் காசு கணக்குப் பார்ப்பவர், இரண்டாம் மனைவியுடன் ஓயாமல் சச்சரவிடுபவர், இனவெறிக்கு இரையாகியும் வழியில் கண்ட ஒரு கறுப்பு மனிதரை இழிவாகப் பேசுபவர். தற்கொலை செய்துகொண்ட தம் முதல் மனைவி எழுதி வைத்திருந்த குறிப்பேடுகளையும் அவர் எரித்துவிட்டார் என்று மகன் அறியும் இடத்தில் முதற்பாகம் முடிகிறது. துன்பம் மனிதனைப் புடம்போட்டுப் பொன்னாக்கிவிடும் என்று நாம் நம்ப ஆசைப்படுகிறோம். ஸ்பீகல்மன் அந்த ஆறுதலை நமக்குத் தர மறுத்துவிடுகிறார். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு பள்ளி நிர்வாகக் குழு, சில வசைச் சொற்களையும் ஒரு நிர்வாணச் சித்திரத்தையும் காரணம் காட்டி 2022-இல் இந்நூலைப் பாடத்திலிருந்து நீக்கியதை வாசித்தபோது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாயிற்று.

மர்ஜான் சத்ரபியின் 'பெர்செபொலிஸ்', 1979-ஆம் ஆண்டுப் புரட்சியையும் அதன்பின் வந்த யுத்தத்தையும் ஈரான் நாட்டுச் சிறுமி ஒருத்தியின் கண்ணால் காட்டுகிறது. இரவில் கடவுளோடு வார்த்தையாடும் அந்தக் குழந்தைக்குக் கடவுளும் கார்ல் மார்க்ஸும் ஏறக்குறைய ஒரே ஜாடையாகத் தெரிகிறார்கள்! டெஹ்ரானில் நிகழும் பகுதிகள் ஒப்பற்றவை. வியன்னாவுக்குச் சென்றபின் கதையின் பிடி தளர்கிறது.

மாயமும் சித்திரமும் ஒன்றாகக் கலந்த நூல் ஒன்று உண்டென்றால் அது ஆஸ்திரேலியரான ஷான் டானின் 'தி அரைவல்' (2006). அதில் ஒரு சொல்கூட இல்லை. மனைவியையும் மகளையும் விட்டுப் பிழைப்புத் தேடி அயல் தேசம் போகும் ஒருவனின் கதையைப் பழைய புகைப்படங்களின் மங்கிய செம்பழுப்பு நிறத்தில், பென்சிலால் வரைந்திருக்கிறார். அந்தத் தேசத்தின் எழுத்துகள் எந்த மொழிக்கும் உரியவையல்ல, பிராணிகளும் கனிகளும் எந்த நாட்டிலும் காணாதவை. ஆதலால் வந்திறங்கியவனுக்குப் புரியாதது நமக்கும் புரிவதில்லை. எதார்த்தமாக வரைந்திருந்தால் அவனைப் பார்த்து நாம் இரங்கியிருப்போம். மாயமாக வரைந்ததால் அவனாகவே ஆகிவிடுகிறோம். டானின் தந்தையும் மலேசியாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறியவரே.

கடைசியாக நான் வாசித்தது, வாசித்து முடிக்க மிகவும் சிரமப்பட்டது, 'வன்னி'. ஐக்கிய நாடுகள் சபையின் பணியாளராக இலங்கையின் வன்னிப் பகுதியில் இருந்த பெஞ்சமின் டிக்ஸ் எழுதி, லின்ட்சே பொலக் சித்திரம் தீட்டிய இந்நூல் 2019-இல் வெளியாயிற்று. 2004-ஆம் ஆண்டுக் கடற்கோள் தொடங்கி 2009-இன் இறுதி யுத்தம் வரை இடம்பெயர்ந்துகொண்டே இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை அது. குடும்பம் கற்பனையானது, அவர்களுக்கு நேர்ந்தவையோ தப்பி வந்தவர்களின் வாக்குமூலங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. வண்ணமில்லாத கோடுகளில், குண்டு விழுமுன் சமைத்துக்கொண்டிருந்த வீட்டையும் முற்றத்தையும் பொறுமையோடு வரைந்து காட்டுகிற பக்கங்களே என்னை மிகவும் கலக்கின. நம்மவர் பட்ட பாட்டை இவ்வகை நூலில் பதிவுசெய்த பெருமை அயலார் இருவருக்குச் சேர்ந்திருக்கிறது. அதற்கு நாம் கடமைப்பட்டவர்கள்.

நூலகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. இந்நூல்களில் எவற்றையேனும் தருவித்தால், படம் இருக்கிறதே என்பதற்காகச் சிறுவர் பகுதியில் அடுக்கிவிடாதீர்கள்; 'மௌஸ்', 'வன்னி' இரண்டையும் சரித்திர நூல்களின் வரிசையிலும், லெ குவினை மற்ற நாவலாசிரியர்களின் வரிசையிலும் வையுங்கள். வயது வந்த வாசகர்கள் அவற்றை அங்கேதான் தேடுவார்கள்.