தொலைதூரத்து எரிமலையும் முல்லைத்தீவுக் கடலும்

வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வழியிலே குளங்களைக் காண்கிறோம்; வயல்களைக் காண்கிறோம்; பாலையும் முதிரையும் அடர்ந்த காடுகளைக் காண்கிறோம். மலை என்று சொல்லத்தக்க ஒன்றையும் காண்பதற்கில்லை. அவ்வாறிருக்க, எரிமலையைப் பற்றி வன்னிநாட்டவருக்குக் கவலை எதற்கு என்று வாசகர்கள் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் எரிமலைகளை வளர்க்கும் அதே பெருவிசைதான் 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையிலே முல்லைத்தீவுக் கரையையும் வந்து தாக்கிற்று. ஆதலின் அதன் இயல்பை அறிந்து வைத்திருப்பது நமக்கு இன்றியமையாததாகும்.

உறங்கும் நிலம்

வவுனியாப் பகுதியில் நிலத்துக்கு மேலே தலைநீட்டும் கருங்கற் பாறைகள் மிகவும் பழமையானவை. புவிச்சரித அறிஞர்கள் இவ்வகைப் பாறைகளுக்கு ‘வன்னித் தொகுதி’ என நம் நாட்டின் பெயரையே சூட்டியுள்ளனர். அவை பூமியின் ஆழத்திலே வெந்து உருமாறி ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகள் ஆகின்றன. எரிமலைக்கு வேண்டிய பாறைக்குழம்பு இந்நிலத்தின் அடியில் இல்லை.

அப்படியானால் திருகோணமலைக் கன்னியாவிலே வெந்நீர் ஊறுவது எவ்வாறு? மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள இயல்பான சூட்டினால் வெதும்பி மேலே வருகின்றது. அது எரிமலையின் வேலையன்று.

நமக்கு மிக அண்மையிலே கனலும் எரிமலை, முல்லைத்தீவிலிருந்து ஏறத்தாழ 900 மைலுக்கு அப்பால், அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவாகும். மனிதர் வாழாத அத்தீவு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அடங்கிக் கிடந்து, 1991ஆம் ஆண்டிலே மீண்டும் புகையும் தீயும் கக்கத் தொடங்கியது.

எரிமலை பிறக்கும் விதம்

பூமியின் மேலோடு ஒரே துண்டன்று. ஆமையின் முதுகோட்டைப் போலப் பல தகடுகள் பொருந்தியது. ஆமையோட்டுக்கும் இதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. இத்தகடுகள் ஓயாது நகர்கின்றன. இலங்கையைச் சுமக்கும் தகடும் அதனை அடுத்துள்ள அவுஸ்திரேலியத் தகடும் ஆண்டுக்குச் சில அங்குலம் நகர்ந்து, அந்தமானிலிருந்து சுமாத்திரா, யாவா வரையில் நீண்டு கிடக்கும் கடலடிப் பள்ளத்திலே இன்னொரு தகட்டின் கீழே புகுகின்றன.

அவ்வாறு புகும் பாறை கடல்நீரையும் தன்னுள் அடக்கிக்கொண்டு செல்கின்றது. அறுபது மைல் அளவான ஆழத்திலே அந்நீர் பிழிந்தெடுக்கப்பட்டு, மேலேயுள்ள வெம்மையான பாறையிற் கலக்கின்றது. நீர் கலந்த பாறை குறைந்த சூட்டிலேயே உருகும். உருகிய குழம்பு பாரம் குறைந்ததாதலால் மெல்ல மேலெழுந்து, மலையின் அடியிலே தேங்குகின்றது. சோடாப் போத்தலை மூடியுடன் குலுக்கித் திறந்தால் யாது நிகழும்? அடங்கியிருந்த வாயு நுரைத்துச் சீறும் அல்லவா? பாறைக்குழம்பினுள் அடங்கிய நீராவியும் பிற வாயுக்களும் அவ்வாறே மலையின் வாயைப் பிளந்து வெளிப்படுகின்றன.

ஒழுகிவரும் தீக்குழம்பைக் கண்டே நாம் அஞ்சுகிறோம். பெரும்பாலும் அதனிலிருந்து நடந்தே விலகிவிடலாம். மலைச்சரிவிலே மோட்டார் வண்டியினும் விரைந்து பாயும் கொதிக்கும் வாயுவும் சாம்பலுமே கொடியவை. கூரைகளை அமுக்கும் சாம்பலும், நீருடன் கலந்து ஆறாகப் பெருகும் சேறும் அவற்றுக்கு அடுத்தவை. கொலம்பியா நாட்டின் ஆர்மேரோ நகரை 1985ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் இரவு அத்தகைய சேறு மூடிற்று. ஏறத்தாழ 23,000 பேர் மாண்டனர். மலை வெடித்தபின் சேறு நகரை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வெளியேறும்படி உறுதியாகச் சொல்வார் இல்லாமற் போயினர்.

இவ்வளவு ஆபத்து இருந்தும் மக்கள் எரிமலையடியிலே ஏன் குடியிருக்கிறார்கள்? எரிமலைச் சாம்பல் காலப்போக்கிலே வளமான மண்ணாகின்றது. யாவாவின் நெல்வயல்கள் அவ்வளத்தினாலேயே செழிக்கின்றன. சோறு தரும் வயலை விட்டு எவர் நீங்குவர்? கடல் சீறுமென்று அறிந்தும் நம் மீனவர் கரையை விட்டு நீங்குவதில்லையே!

காலியும் பாணமையும் கண்டது

சுமாத்திராவுக்கும் யாவாவுக்கும் இடையிலுள்ள கிரக்கத்தோவா எரிமலை 1883ஆம் ஆண்டு ஓகஸ்ட் 27ஆம் நாள் வெடித்துச் சிதறிற்று. ஏறத்தாழ 3,000 மைல் தொலைவிலுள்ள ரொட்ரிகஸ் தீவின் பொலிஸ் அதிகாரி அவ்வோசையைக் கேட்டுப் பீரங்கி முழக்கம் என்று கருதினார். மாண்ட 36,000க்கு மேற்பட்டோரிற் பெரும்பாலோரைக் கொன்றது தீயன்று; வெடிப்பினால் எழுந்த கடலலையே. அன்று பிற்பகல் காலித் துறைமுகத்திலே கடல் உள்வாங்கித் திரும்பிற்று. கிழக்குக் கரையின் பாணமையிலே அலையில் அகப்பட்ட பெண்ணொருத்தி உயிரிழந்தாள். அடுத்த மாதத்திலே இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் பச்சை நிறமாகத் தோன்றி மக்களைத் திகைக்கச் செய்தது. வானிற் பரந்த எரிமலைத் தூசியே அதற்குக் காரணம்.

இத்தனையும் நம் தீவிலே நிகழ்ந்தவை. எனினும் 121 ஆண்டுகளிலே அவற்றை நாம் முற்றாக மறந்துவிட்டோம்.

2004ஆம் ஆண்டிலே வெடித்தது எரிமலையன்று. அதே கடலடிப் பள்ளத்திலே தகடுகள் சடுதியாக வழுக்கியதனால் நிலம் நடுங்கிற்று, கடல் எழுந்தது. அந்நிலநடுக்கம் இலங்கை நேரப்படி காலை 7 மணியளவில் நிகழ்ந்தது. ஏறத்தாழ 1,100 மைல் கடந்து அலை நம் கிழக்குக் கரையை அடைய ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாயிற்று. அந்நேரத்திலே முல்லைத்தீவு மக்கள் ஒரு மைல் உள்ளே நடந்திருக்கலாம். சொல்வார் எவருமில்லை. இந்து சமுத்திரத்துக்கென அன்று எச்சரிக்கை அமைப்பு இருக்கவில்லை. இலங்கை முழுவதிலும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். முல்லைத்தீவிலே குடும்பம் குடும்பமாக மாண்டோர் பலர்.

பாட்டிமார் காத்த தீவு

அந்நிலநடுக்கத்துக்கு மிக அருகிலே சிமிலூவே என்றொரு சிறு தீவு உண்டு. அலை அங்கே சில நிமிடங்களிலேயே வந்துவிட்டது. ஆயினும் ஏறத்தாழ 78,000 மக்களுள் இறந்தவர் எழுவர் மட்டுமே! 1907ஆம் ஆண்டிலே அத்தீவை ஒரு பேரலை அழித்தது. அதனை அவர்கள் ‘ஸ்மோங்’ என்று அழைத்தனர். “நிலம் பலமாக நடுங்கினால், கடல் வற்றினால், மேட்டுக்கு ஓடு” என்பதைத் தாயும் பாட்டியும் கதையாகவும் பாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். மூன்று தலைமுறை கடந்தும் அச்சொல் உயிர் காத்தது.

இன்று நமக்கு எச்சரிக்கை அமைப்பு உண்டு. எனினும் கருவி ஒருநாள் தவறலாம். 2018ஆம் ஆண்டு கிரக்கத்தோவாவின் குட்டி மலை இரவிலே சரிந்தபோது, நிலநடுக்கம் முன்னறிவிக்காத அலை எழுந்து 400க்கு மேற்பட்டோரைக் கொன்றது. ஆகவே கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலும், ஏறினாலும், இரைந்தாலும் பொருளைத் தேடாது உள்நாட்டை நோக்கி விரைதல் வேண்டும். முதலலை போயிற்றென்று திரும்புதலும் ஆகாது, பின்வருவது பெரியதாகலாம்.

வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீர் எடுத்து வந்து வற்றாப்பளை அம்மன் முன்னே விளக்கேற்றும் வழக்கத்தை எத்தனையோ தலைமுறையாக நாம் மறவாது காத்து வருகிறோம். போரினாலும் இடப்பெயர்வினாலும் குடும்பங்கள் சிதறியபோதும் அது அற்றுப்போகவில்லை. அவ்வாறே கடலின் குறிகளையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போமாக. 2004இன் பின் பிறந்த பிள்ளைகள் அவ்வலையைக் கண்டதில்லை. கண்டவர் வாய்திறந்து சொன்னாலன்றி அவர்கள் அறிவது எங்ஙனம்?